புளி தாங்கும் எழுத்து

மெகராஜ் பேகம் அந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது, பிள்ளை பெற்றிருந்த அக்காள் மகளைப் பார்க்கத்தான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அக்காள் வீட்டுக்குப் போகிற ஆளா அவள்? மடவார் வளாகத்துப் பக்கம் சுற்றிக்கொண்டு டாக்டர் ஐயாதுரை வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தாள். அந்த வீட்டு வாசலில் அவள் புருஷன் ஹமீது செய்து கொடுத்த பெயர்ப்பலகை புதிதாக மாட்டியிருந்தது. அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். தெருவில் போகிற யாராவது நின்று பார்க்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஆசை யாரை விட்டது!

பலகை என்றால் சும்மா பலகையா அது? பார்த்தால் அசல் பித்தளை. தட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது ரெசின் என்கிற செயற்கைப் பிசின் என்று தெரியும். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். அச்சுக்குள்ளே முதலில் பித்தளைப் பொடியைத் தூவி, அதன் மேல் ரெசினை ஊற்றி எடுத்தால் பொடி முகத்தில் ஒட்டிக்கொண்டு தகதகவென்று வெளியே வரும். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தங்கத்துல செஞ்ச மாதிரி இருக்கேய்யா" என்று சொன்ன வார்த்தையை மெகராஜ் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்திருந்தாள்.

தெரு முக்கில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டாக்டர் வீட்டு வேலைக்காரி பாலம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். ஒரு கையில் புளி. ஒரு கையில் தேங்காய் நார். பலகையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவர் வழியே மஞ்சள் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏட்டி! ஏட்டி! கையை எடு! நிறுத்துட்டி!"

பாலம்மாள் திரும்பிப் பார்த்தாள். "யாரைப் பாத்து ஏட்டிங்கே? வயசென்ன, வாயென்ன?"

"ஐயோ எக்கா, ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன், எறங்கு. பலகை போச்சே!"

"என்ன போச்சு? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு, செம்பு, கதவுக் குமிழு அம்புட்டையும் தேச்சேன். இதையும் தேச்சேன். பித்தளைன்னா புளி போட்டுத் தேய்க்காம வேற என்ன செய்வாக?"

"அது பித்தளை இல்லக்கா. பித்தளை மாதிரி!"

"மாதிரியா? அப்பம் மாதிரின்னு அதுலயே எழுதிப்போட வேண்டியதுதானே!"

மெகராஜ் அண்ணாந்து பார்த்தாள். டாக்டர் பெயரில் பாதி எழுத்து சாம்பல் நிறத்தில் இருந்தது. மீதிப் பாதி இன்னும் தகதகத்தது, கேலி செய்கிற மாதிரி. பாலம்மாள் ஸ்டூலில் நின்றபடியே நாரை முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் தேய்க்கப்போயிதான் சாயம் வெளுத்துச்சு. இல்லைன்னா காலம்பூரா ஏமாந்திருப்பாக" என்றாள்.

மெகராஜ் பதறியது டாக்டரை நினைத்தல்ல. ராஜபாளையத்தில் இதே மாதிரி பொடித் தூவல் வேலையில்தான் சஞ்சீவி ராஜாவின் புது மில்லுக்கு எழுத்து தயாராகிக்கொண்டிருந்தது. 'அலமேலு ஸ்பின்னிங் மில்' என்று வாசல் வளைவில் ஆளுயர எழுத்து, கீழே தூணில் குத்துவிளக்குச் சின்னம். ஆயுத பூஜையன்று வாசல் திறப்பு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு மில்லில் என்ன நடக்கும் என்று ராஜபாளையத்தில் பிறந்த பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கூடை கூடையாகப் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு பெண்கள் மஞ்சளாக மின்னுகிற எதையும் விடமாட்டார்கள்.

அக்காள் மகளையும் பிள்ளையையும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மெகராஜ் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஹமீது நாலு வருஷம் ஷார்ஜாவில் ஃபைபர் தொட்டி செய்கிற கம்பெனியில் கிடந்துவிட்டு வந்தவன். அவன் வந்து இறங்கிய அன்று மகள் அசீனா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா அந்த மாமா?" என்று கேட்டாள். அதைக் கேட்டு ஹமீது சிரித்தான். பிறகு குளிக்கப் போகிறேன் என்று போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். இனிமேல் போகமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னான். போர்டு எழுதுகிற ரத்தினத்தோடு சேர்ந்து செட்டியார்பட்டி ரோட்டில் வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை போட்டான். ஆனால் ஊரில் ஒருத்தருக்கும் இந்த வேலை மேல் நம்பிக்கை இல்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டின் கையாள் தவசிமுத்து மோப்பம் பிடித்த மாதிரி வந்து வந்து போனான். கடைசியில் ஹமீது சொல்லிவிட்டான்: ராஜா மில் எழுத்து ஜெயித்தால் இங்கே, இல்லையென்றால் ஆயுத பூஜை முடிந்ததும் தவசிமுத்து கூட பம்பாய், அங்கிருந்து ஷார்ஜா. கட்டிலுக்கு அடியில் அந்தப் பெரிய பெட்டி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. மெகராஜ் வீடு கூட்டும்போதெல்லாம் அதை விளக்குமாற்றால் ஒரு இடி இடிப்பாள்.

கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது ஹமீது அச்சுக்குள் பொடி தூவிக்கொண்டிருந்தான். ரத்தினம் மரத்தில் அடுத்த எழுத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ரெசின் நெடி மூக்கைத் துளைத்தது.

"நிறுத்துங்க மச்சான். அம்புட்டும் போச்சு."

"பிள்ளைக்கு என்னட்டி?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. டாக்டரு பலகை புளியில கரைஞ்சு ஓடுது." அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

ஹமீதின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். "எந்தக் கிறுக்கச்சி போர்டைப் புளி போட்டுத் தேய்ப்பா? ஷார்ஜாவுல எம்புட்டு போர்டு செஞ்சிருக்கேன், ஒருத்தனும் இப்பிடிச் செஞ்சதில்ல."

"ஷார்ஜாவுல ஆயுத பூசை உண்டா மச்சான்?"

ரத்தினம் உளியைக் கீழே வைத்தான். "தங்கச்சி சொல்றது சரிதான் ஹமீது. நம்ம ஊருல பித்தளையப் பாத்தா பொம்பளையாளுக கை சும்மா இருக்காது. எங்க வீட்டுல ஒரு தடவை மஞ்சப் பெயிண்டு அடிச்ச பொம்மையவே தேச்சுட்டாளுக."

"அப்பம் என்ன செய்யச் சொல்றீய? மேல வார்னிஷ் அடிச்சிருவமா?"

"வார்னிஷு புளிக்கு எம்புட்டு நேரம் தாங்கும்? நான் முதல்லயே சொன்னேன், நெசப் பித்தளையில மண் அச்சு போட்டு வாத்திருவோம்னு. அசலுக்கு என்ன பயம்?"

"ஏலே ரத்தினம், அந்த மில்லு வாசல் வளைவு எம்புட்டுக் கனம் தாங்கும்னு பாத்தியா? தகரத்துல கட்டுன வளைவுடா அது. நெசப் பித்தளையை ஏத்துனா ராஜா கார் மேலேயே விழும். அதோட, வார்ப்படக்காரன் செஞ்சு குடுத்தா நமக்கு இதுல என்ன வேலை? நாம தூக்கிட்டுப் போற ஆளா?"

"பொறவு?"

"கலந்து ஊத்துற முறை ஒண்ணு இருக்கு" என்றான் ஹமீது, தயங்கித் தயங்கி. "பொடியைத் தூவாம ரெசின்லயே தோசை மாவு பதத்துக்குக் கலந்து, முகத்துல ஒரு கனத்துக்கு ஊத்தி, முதுகுல பலத்துக்கு ஃபைபர் இழைப் பாய் ஒட்டிரணும். மேலருந்து கீழ வரைக்கும் பித்தளை இருக்கும். ஆனா அச்சைவிட்டு வரும்போது சாணி கலர்ல வரும். அங்கன மெசின் வச்சுப் பாலிஷ் போட்டுத்தான் மின்ன வைப்பான். நம்மகிட்ட மெசின் எங்க? வந்த புதுசுல ஒண்ணு ஊத்திப் பாத்தேன்ல, கண்றாவியா இருக்கு."

அந்தக் கண்றாவி எங்கே இருக்கிறது என்று மெகராஜுக்குத் தெரியும். கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். மண்கட்டி நிறத்தில் ஒரு மாம்பழம். அவள் அதைக் கையில் எடுத்தாள், தூவல் வேலையில் செய்த ஒரு எழுத்தையும் எடுத்துக்கொண்டாள், வார்னிஷ் அடித்த பழைய துண்டு ஒன்றையும் அள்ளிக்கொண்டாள். விறுவிறுவென்று துவைக்கிற கல்லுக்குப் போனாள்.

"அசீனா, பள்ளிக்கூடம் லீவுன்னு சும்மா நிக்காதே, அடுப்பாங்கரைல புளி இருக்கும், அம்புட்டையும் எடுத்துட்டு வா."

"ஆணத்துக்கு?" என்றாள் அசீனா, குழம்பு வைக்கத்தான் என்று நினைத்து.

"ஆணம் இன்னைக்குக் கெடையாது."

தூவல் எழுத்து இரண்டே இழுப்பில் பல்லைக் காட்டியது. வார்னிஷ் துண்டு கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. அப்புறம் அதுவும் தோல் உரிந்து மஞ்சளாக வழிந்தது. ஹமீது தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். மிஞ்சியது மாம்பழம். அதன் மேல் மெகராஜ் காட்டியது தேய்ப்பா? ஆத்திரம் அது! கதவுக்குப் பின்னால் ஒளிந்த அசீனா, கட்டிலுக்கடியில் கிடக்கிற பெட்டி, தவசிமுத்துவின் சிரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுத் தேய்த்தாள். நாரில் புளி தீர்ந்ததும், சுவரோரம் கிடந்த செங்கல்லைக் கல்லில் உரசி அந்தப் பொடியை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள்.

"விடு தங்கச்சி. கை புண்ணாப் போகுது."

"போகட்டும்ணே."

பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினாள்.

"அம்மா!" என்று கத்தியது அசீனாதான்.

மாம்பழத்தின் ஒரு கன்னம் மின்னியது. தூவல் எழுத்தின் தகதகப்பு வேறு. இது அடங்கின மின்னல், பல வருஷம் புழங்கின செம்பின் மின்னல். மெகராஜ் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கூடியது. ஹமீது பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரத்தினம்தான் கத்தினான்: "ஏலே, தேச்சா போறது போயி, தேச்சா வருதுடா!"

"மச்சான், புளி இனிமே நம்மாளு!" மெகராஜ் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நாலு பேரும் ஊறுகாயை வைத்துச் சோறு தின்றார்கள். தேவாமிர்தமாக இருந்தது.

அதற்கப்புறம் கொட்டகை கொட்டகையாகவா இருந்தது! தூவல் எழுத்து அத்தனையையும் ஓரங்கட்டினார்கள். பொடி வேண்டுமே, மூட்டைக் கணக்கில் வேண்டுமே. ரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு விளக்குப் பட்டறைகளுக்கு அலைந்து அராவிய பித்தளைத் தூளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான். ஹமீது காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவி இரும்புத் தூளைப் பிரித்தான். மெகராஜ் மாவு சலிக்கிற சல்லடையில் சலித்தாள். முறுக்கு மாவு சலித்த சல்லடை அதோடு முறுக்கை மறந்தது. அவள் கைமயிரெல்லாம் பொன்னாக மின்னியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அசீனா, "அம்மா, நீ ராணி மாதிரி இருக்கே" என்றாள்.

பொடி கனம். கலந்து ஊற்றினால் அதுவாகவே அடியில் இறங்கி அச்சின் முகத்தில் உட்காரும். ஹமீதுக்கு அது தெரியும். தெரியாதது மேற்கு மலையின் குணம். ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே மலை மேல் கருமேகம் குந்திக்கொண்டது. ஈரக் காற்று உள்ளே வந்தது, ஊற்றிய ரெசின் இறுகாமல் பாகு மாதிரி கிடந்தது.

"இறுக வைக்கிற ஹார்டனரைக் கூட ஊத்தேன்லே" என்றான் ரத்தினம்.

"கூட ஊத்துனா வெடிச்சிரும்டா. சூடு வேணும், ஆனா பைய வேணும்."

வீட்டு பல்புகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து அச்சுகளுக்கு மேலே தாழத் தொங்கவிட்டார்கள். எழுத்துகள் அடைகாக்கிற முட்டைகளாகக் கிடந்தன. ஹமீது விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இறுகியது என்று அவன் கையைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் கொட்டகையில் ஒரு கூச்சல். முதல் எழுத்தை அச்சைவிட்டு உரித்தபோது 'டொக்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு ஈடான நாதஸ்வரம் கிடையாது என்று ரத்தினம் சத்தியம் செய்தான்.

எல்லாம் சரி. மழை தின்ற நாளை யார் திருப்பித் தருவது? குத்துவிளக்குச் சின்னத்தை மட்டும்தான் தேய்த்து மின்ன வைக்க முடிந்தது. எழுத்தெல்லாம் சாணி நிறத்திலேயே பூஜைக்கு முந்தின நாள் காலையில் மில் வளைவில் ஏறின.

மானேஜர் அண்ணாந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது? மண்ணுல செஞ்சதா? ராஜா பாத்தா கிழிச்சிருவாரு."

ராஜா அந்த நேரம் பார்த்துத்தான் காரிலிருந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளைவையே பார்த்தார். "ஏமய்யா ஹமீது," என்றார், "நீ சாம்பிள் காட்டுனப்ப தங்கமா ஜொலிச்சது. அந்த வெளக்கைத் தவிர இது அம்புட்டும் எங்க வீட்டுச் சுவத்துக்குப் பூசுற மண்ணு கலர்ல இருக்கு. எங்க வீட்டம்மா பேருய்யா இது. அவிய செத்த நேரத்துல வருவாக. நான் என்ன பதில் சொல்றது?"

"ராஜா, தேச்சா மின்னும்... மழை... நாள் பத்தல..." ஹமீதுக்கு வாய் குழறியது.

"நாளைக்குக் காலைல பூஜை. எறக்கிருங்க. வெறும் வளைவா இருந்தாலும் பரவால்ல."

மானேஜர் ஏணியை எடுக்கச் சொன்னார். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான். ஹமீது தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கை எந்த ஊருக்குப் போகப் போகிறது என்று பக்கத்தில் நின்ற மெகராஜுக்குத் தெரிந்துவிட்டது. விடுவாளா அவள்?

மில் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விளக்குகளையும் மணிகளையும் மிஷின் பித்தளைகளையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரிய அண்டாவில் புளி கரைத்து வைத்திருந்தது. மெகராஜ் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அங்கே போனாள்.

"எக்கா, ஏட்டிகளா, எல்லாரும் செத்த எந்திரிச்சு வாங்க. புளியோட வாங்க. மேல இருக்கிறதும் பித்தளைதான். அதை மட்டும் அழுக்கோட விட்ருவீயளா? நாளைக்கு ஊரு பாத்தா ஒங்களைத்தானே பேசும்?"

அந்த ஒரு வார்த்தை போதாதா! "அதென்ன அழுக்கு, நாங்க இருக்கும்போது?" என்று ஒருத்தி நாரோடு எழுந்தாள். அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள். மானேஜர், "ஏய், ஏய்!" என்றார். யார் கேட்டது? எடுத்த ஏணியில் இரண்டு பேர் ஏறினார்கள். சாரத்தில் மீதிப் பேர். ஆளுக்கொரு எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மெகராஜ் செங்கல் பொடியைக் கீழேயிருந்து அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

முதலில் வழிந்தது வெறும் பழுப்புத் தண்ணீர். ராஜா தலையை ஆட்டினார். மெகராஜ் பொடியை நீட்டிக்கொண்டே, யா அல்லா, வந்துரு, வந்துரு, என்று முணுமுணுத்தாள்.

"ஏ, இங்க பாருங்கட்டி!" மேலே 'அ' எழுத்தைத் தேய்த்தவள் கூவினாள். "வருது! மஞ்சளா வருது!"

"என்னோடதும் வருது!"

"எனக்குத்தான் முதல்ல!"

அவ்வளவுதான். போட்டி வந்துவிட்டது. 'மி' தேய்ப்பவள் 'ல்' தேய்ப்பவளை வம்புக்கு இழுத்தாள். வளையல் சத்தம், சிரிப்பு, பாட்டு, புளித் தண்ணீர் எல்லாம் சேர்ந்து மழையாகக் கொட்டியது. மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்ததோ இல்லையோ, வளைவு முழுக்க எழுத்து எழுத்தாகப் பற்றிக்கொண்டது. மில்லுக்குள்ளிருந்து ஃபிட்டர்களும் வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில் அலமேலு அம்மாவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கித் தன் பெயரை அண்ணாந்து பார்த்தார். ஒரு பெண்ணின் கையிலிருந்து நாரை வாங்கினார். எட்டுகிற உயரத்தில் இருந்த குத்துவிளக்குச் சின்னத்தில் புளியை வைத்து ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்தார். தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு துளி மஞ்சள்கூட ஓடவில்லை. விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று நின்றது.

"பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சினார் அலமேலு அம்மா, சிரித்துக்கொண்டே.

ராஜா ஹமீதின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "எங்க பழைய மில்லு, பஞ்சு ஜின்னிங் பேக்டரி, வீட்டு வாசல், அம்புட்டுக்கும் நீதான்யா. வருஷா வருஷம் தேய்க்கிறதுக்கும் எங்காளுக இருக்காக." ரத்தினம் ஹமீதைத் தூக்கிவிட்டான். ஹமீது அவன் தோளுக்கு மேலாக மெகராஜைப் பார்த்தான். அவள் புளி ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான்.

பூஜை முடிந்த மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் புதுப் பலகையை ரத்தினம் எடுத்துப் போனான். பாலம்மாளையே தேய்க்கச் சொல்லி மெகராஜ் சொல்லிவிட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தவசிமுத்து வந்தான். வாசலில் அந்தப் பெரிய பெட்டி தயாராக இருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அப்பிடிப் போடு! நான் அப்பமே சொன்னேன்ல, போர்டு கீர்டெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு. ஹமீது பாய் எங்க? வண்டி முக்குல நிக்கி. பெட்டியை நான் தூக்கிட்டுப் போறேன்."

கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பெட்டி அசையவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தான். முகம் சிவந்தது.

"என்ன தாயி இது? கல்லை வச்சிருக்கியா?"

அசீனா கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கொட்டகையிலிருந்து ஹமீது அவளைக் கூப்பிட்டான். "இந்தா வந்துட்டேன் அத்தா" என்று அவள் ஓடினாள்.

மெகராஜ் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். "பித்தளைப் பொடிண்ணே. மழைக்கு நனையாம இருக்க அதுல கொட்டி வச்சிருக்கோம். ஒத்தை ஆளுக்கு நகராது. உள்ள வாங்க, இன்னைக்குப் புளியாணம் வச்சிருக்கேன். சாப்ட்டுப் போங்க."